எல்லைக்கல்லுக்கு வெளியே

கர்னி பிட்டா என்ற பறவையைக் காட்டில் யாரும் பார்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1986இல் பிலிப் ரவுண்ட், உத்தாய் திரீசுகோன் என்ற இரு பறவையியலாளர்கள் அதைத் தேடிக் கிளம்பினார்கள். முதல் துப்புக் கொடுத்தவர்கள் பாங்காக்கின் பறவை வியாபாரிகள். அறிவியல் ஏடுகள் அது உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், கூண்டு விற்பவர்களுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்திருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனவர்கள், கிராபி மாநிலத்தின் காவ் நோர் சூச்சி காட்டில் அதைக் கண்டார்கள்.

நாற்பது சொச்சம் இணைகள் இருக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். 1997இல் எண்ணியபோது 9 இணைகள். இன்று தாய்லாந்தில் அது அற்றுப்போய்விட்டது என்றே கருதப்படுகிறது.

இந்த 9 என்ற எண் வருவதற்குள் அந்த இடத்தில் நடந்தவற்றைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். யாரும் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1987இல் அங்கே வேட்டை தடைசெய்யப்பட்டது. 1993இல் அது வனவிலங்குச் சரணாலயமாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு நிதி வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், உலகின் பல மூலைகளிலிருந்து பறவை பார்ப்பவர்கள் வந்து குவிந்தார்கள். இத்தனை கவனத்துக்கு நடுவில்தான் நாற்பது ஒன்பதானது. கவனம் போதவில்லை என்பதல்ல காரணம். சரணாலயத்தின் எல்லை மலைச்சரிவைச் சுற்றி வரையப்பட்டது. பறவை வாழ்ந்ததோ அடிவாரத்துச் சமதளத்தில். அந்தச் சமதளத்தில் கணிசமான பகுதி எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுவிட்டது. அங்கே ரப்பரும் எண்ணெய்ப்பனையும் நட ஆள் காத்திருந்தார்கள்.

பிட்டாக்கள் பற்றித் தமிழ் வாசகருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் நம் தோட்டங்களுக்கு வரும் ஆறுமணிக் குருவி இந்தக் குடும்பம்தான். வைகறையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சருகுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும், வால் குட்டையான அந்த வண்ணப் பறவையைத் தெரிந்தவர்களுக்கு கர்னி பிட்டாவின் உருவமும் பிடிபட்டுவிடும். ஆணுக்கு உச்சந்தலை பளீரென்ற நீலம், முகமும் மார்பும் கருப்பு, விலாவில் மஞ்சள்மேல் கருங்கோடுகள், முதுகு செம்பழுப்பு, வாலில் பசுநீலம். பெண் அடக்கமான பழுப்பு. அதிலும் கோடுகள் உண்டு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு இருட்டுத் தரையில் அது காணாமல் போய்விடும். நாலைந்து தாவல், நிற்பு, ஒரு சருகைப் புரட்டல், மண்புழுவை இழுத்தல், மறுபடி தாவல். ஆபத்து என்றால் பறப்பதைவிட ஓடவே விரும்பும்.

உறவினர்கள்தான் என்றாலும் பிழைப்பில் இரண்டும் வேறு. ஆறுமணிக் குருவி ஊர்விட்டு ஊர் போகும் பறவை. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவோடிரவாகப் பறந்து தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வரும். மாந்தோப்பு, கல்லூரி வளாகம், வேலிப்புதர் எதுவானாலும் சருகும் ஈரமும் இருந்தால் ஒப்பேற்றிக்கொள்ளும். அக்டோபரில் சென்னையில் களைத்துப்போய் யார் வீட்டுக் குளியலறையிலாவது வந்து விழும் பறவைகளில் இதுவும் ஒன்று. கர்னி பிட்டாவுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அது ஊர் மாறுவதில்லை. கடல்மட்டத்திலிருந்து 160 மீட்டருக்குள் இருக்கும் தட்டையான மழைக்காடு, பக்கத்தில் ஓடை, கீழே பிரம்பும் முள்பனையும் மண்டிய அடர்த்தி: இது அமைந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. கூடு கட்டுவதே அந்த முள்பனை மட்டைகளின் இடுக்கில்தான், பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்துக்குள். காட்டில் மரம் வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளும். தரை கூட்டிப் பெருக்கப்பட்டால் பொறுக்காது.

கெட்ட நேரம், தென்கிழக்காசியாவில் எல்லோருக்கும் வேண்டியிருந்ததும் அதே தட்டை நிலம். மலைச்சரிவில் தோட்டம் போடச் செலவு அதிகம், சாலை கடினம், அறுவடை கடினம். ஆகவே சரிவைத் தேசியப் பூங்காவாக அறிவிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பெரும்பாலான நாடுகளில் காப்புக்காடுகளின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பச்சை மலைமேல் ஏறியிருக்கும், சமவெளியில் அறுந்திருக்கும். தாய்லாந்துத் தீபகற்பத்தில் 100 மீட்டருக்குக் கீழே எஞ்சியிருந்த காடு 1987 வாக்கிலேயே 20 முதல் 50 சதுர கிலோமீட்டர்தான் என்று மதிப்பிடப்பட்டது. சென்னை மாநகராட்சியின் பழைய எல்லையைவிடச் சிறிய பரப்பு.

கடைசிப் பறவைகளுக்கு இன்னொரு தொந்தரவும் சேர்ந்தது. அதைச் சொன்னால் பறவை பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். உலக அபூர்வம் என்ற பெயர் பரவியதும், மறைவுத் தட்டி கட்டி, முன்னால் புழுவைப் போட்டு, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது வழக்கமாயிற்று. தன் எல்லைக்குள் அந்நிய ஆண் நுழைந்துவிட்டதென்று நினைத்துப் பறவை ஓடிவரும். அடைகாப்பதும் இரை தேடுவதும் அந்த நேரத்துக்கு நின்றுபோகும். இனத்தை அழித்தது இது என்று சொல்ல மாட்டேன். அழித்தது நிலம் போனது. ஆனால் பட்டியலில் ஒரு குறியிடுவதற்காகக் கூட்டமாக வந்தவர்களால் அந்த அடிவாரக் காட்டில் ஒரு ஏக்கரைக்கூட நிறுத்திவைக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும்.

கதையின் இரண்டாம் பாதி மியான்மரில். உண்மையில் தொடக்கமே அங்கேதான். இந்தப் பறவையை 1875இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், பத்து ஆண்டு கழித்துக் காங்கிரஸ் மகாசபை பிறக்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் பறவைத் தோல்களைச் சேர்த்தவர். அவருக்காகத் தெனாசெரிம் காடுகளில் அலைந்தவர் வில்லியம் டேவிசன். இன்று தனிந்தாரி என்று அழைக்கப்படும் அந்தத் தெற்கு ஓரத்தில் 1914க்குப் பிறகு கர்னி பிட்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு உள்நாட்டுப் போர், ராணுவ ஆட்சி. வெளியார் நுழைய வழியில்லை. 2003இல் பேர்ட்லைஃப் நிறுவனமும் மியான்மரின் பறவை ஆர்வலர் சங்கமும் சேர்ந்து நடத்திய தேடலில் அது மறுபடி அகப்பட்டது. ஓரிடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இணைகள். தாய்லாந்தில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தீபாவளி.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. காட்டில் சில இடங்களில் பறவைகளின் அடர்த்தியை அளந்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் அதே மாதிரித் தட்டைக் காடு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டையும் பெருக்கினார்கள். விடை ஆயிரக்கணக்கான இணைகள் என்று வந்தது. அதற்கடுத்த மதிப்பீட்டின் மேல்வரம்பு பதினாயிரங்களுக்கே போயிற்று. முறையில் தவறில்லை, ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடுதான் எழுதினார்கள். 2008இல் உலகச் செம்பட்டியலில் அந்தப் பறவையை மிக ஆபத்தான நிலை என்ற படியிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தார்கள்.

இந்த மாதிரி எண்ணின் இயல்பை மறந்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான பறவைகளை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது காட்டின் பரப்பை. பெருக்கல் கணக்கில் ஒரு பக்கம் பாதியானால் விடையும் பாதியாகும். பறவைக்கு நோய் வர வேண்டாம், வேட்டைக்காரன் வர வேண்டாம். அந்தக் காடு யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் என்ன உத்தரவு இருக்கிறது என்ற கேள்வி அந்தப் பெருக்கலுக்குள் வருவதில்லை. தனிந்தாரியில் அந்த உத்தரவு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

1999இல் மியான்மரின் ராணுவ அரசு ஒரு முடிவெடுத்தது. சமையல் எண்ணெய்க்கு வெளிநாட்டிடம் கையேந்தக் கூடாது. தனிந்தாரியை நாட்டின் எண்ணெய்க் கிண்ணமாக்க வேண்டும். 2030க்குள் 5 லட்சம் ஏக்கரில் எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர் செம்பனை என்று சொல்லும் அதே மரம். குறி விழுந்த நிலம் எது என்று சொல்லத் தேவையில்லை. உள்நாட்டு வணிகக் குழுமங்களுக்கும் பின்னாளில் வெளிநாட்டுக் கூட்டு முயற்சிகளுக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கர்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கொடுத்ததில் பாதியில்கூட நடவு நடக்கவில்லை. காட்டை அழிக்க அனுமதி கிடைத்தது, மரம் விற்றுக் காசானது, பனை நடுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் கிளம்பிவிட்டார்கள். பறவை போயிற்று, எண்ணெயும் வரவில்லை. மியான்மர் இன்றும் பாமாயிலை இறக்குமதிதான் செய்கிறது.

விளைவு 2020இல் ஓரிக்ஸ் ஆய்விதழில் வெளியான ஆய்வில் இருக்கிறது. 1999க்குப் பிறகு அங்கே கர்னி பிட்டாவுக்கு ஏற்ற காட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருப்பதும் காப்புப் பகுதி எதற்குள்ளும் இல்லை. செம்பட்டியலில் பறவை மறுபடி மிக ஆபத்தான நிலைக்கு ஏற்றப்பட்டது.

பனை நட்ட இடத்தில் ஏன் அது வாழ முடியாது என்பது புரிய ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் பத்து நிமிடம் நடந்தால் போதும். தூரத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரிதான் இருக்கும். மேலே மட்டைகள் கோத்து நிழல் விழும். கீழே பாருங்கள். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாகப் புல் செதுக்கியிருப்பார்கள், அல்லது களைக்கொல்லி அடித்துக் கருகவிட்டிருப்பார்கள். குலை வெட்டும்போது உதிர்கிற பழத்தைப் பொறுக்க வேண்டுமே. வெட்டிய மட்டைகள் வரிசை விட்டு வரிசை அடுக்கிக் கிடக்கும். குலைகளை இழுத்துவரும் வண்டித் தடம் இறுகிப் பாறையாகியிருக்கும். பிரம்பு இல்லை, முள்பனை இல்லை, புரட்ட ஈரச்சருகு இல்லை. எலி இருக்கும், எலிக்காகப் பாம்பு இருக்கும். தாழக் கூடு கட்டும் பறவை அங்கே குஞ்சு வளர்ப்பது எப்படி? குறுக்கே கடந்து அடுத்த காட்டுத் துண்டுக்குப் போகலாம் என்றால், வெட்டவெளியில் கால்வைக்கத் தயங்கும் பறவை அது.

சரி, காப்பாற்ற முயற்சியே இல்லையா? இருந்தது. நகாவுன், லென்யா என்ற பகுதிகளைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டம் பல ஆண்டுகள் காகிதத்தில் கிடந்தது. அங்கே ஒரு சிக்கல், சின்னதல்ல. அது ஆளில்லாத காடு அல்ல. கரேன் மக்களின் ஊர்களும் தோப்புகளும் சுழற்சி வயல்களும் உள்ள நிலம். 1990களின் ராணுவத் தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் தாய்லாந்து எல்லைக்கு ஓடினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் ஊர் பூங்காவாகிவிட்டால் வீடு எங்கே? ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பில் சுமார் 2.1 கோடி டாலரில் மலைமுகடு முதல் கடல் வரை காக்கும் ஒரு திட்டம் வந்தபோது, எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தை வரைகிறீர்கள் என்று கரேன் அமைப்புகள் 2018இல் முறையிட்டன. திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பனைக் கம்பெனியும் அவர்களைக் கேட்கவில்லை, பூங்கா போட வந்தவர்களும் கேட்கவில்லை. அந்த மக்கள் பார்வையில் இரண்டு பேரும் ஒரே காரியத்துக்கு வந்தவர்கள். 2021 பிப்ரவரியில் ஆட்சிக் கவிழ்ப்பு. அதோடு பூங்காப் பேச்சும் நின்றது.

இதை இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு எழுதக் காரணம் ரேஷன் பாமாயில் பாக்கெட் என்று நினைத்தால், அது பாதிதான். தமிழ்நாட்டில் கார்டுக்கு ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த எண்ணெய் தனிந்தாரியிலிருந்து வருவதில்லை. நாம் வாங்குவது பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா சரக்கு; உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நாம்தான். 'பாமாயிலைப் புறக்கணியுங்கள்' என்ற கோஷத்திலும் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு ஹெக்டேர் செம்பனையில் கிடைக்கும் எண்ணெயைக் கடலையிலோ சோயாவிலோ எடுக்க அதைப்போலப் பல மடங்கு நிலம் வேண்டும். ஏழை வீட்டு வடைச்சட்டிக்கு வேறு மலிவான எண்ணெய் யாரும் காட்டவில்லை.

எனக்குப் பயம் தருவது மியான்மர் 1999இல் சொன்ன காரணம் இங்கே அப்படியே திரும்ப ஒலிப்பது. 2021 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை சமையல் எண்ணெய்க்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. செலவு 11,040 கோடி ரூபாய். நோக்கம் இறக்குமதியைக் குறைப்பது. கூடுதலாக 6.5 லட்சம் ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை நட்டு, மொத்தத்தை 2025-26க்குள் 10 லட்சம் ஹெக்டேராக்குவது. இதில் பாதிக்குச் சற்று அதிகமாக, 3.28 லட்சம் ஹெக்டேர், வடகிழக்கு மாநிலங்களுக்கு. அந்தமான் நிக்கோபாரும் சிறப்புக் கவனப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நெல்வயலை மாற்றி எண்ணெய்ப்பனை நடுவது வேறு விவகாரம். அங்கே கேள்வி தண்ணீர். கோடையில் ஒரு மரம் நாளொன்றுக்கு இருநூறு லிட்டர் குடிக்கும். காட்டுப் பறவைக்கு அங்கே இழக்க ஒன்றுமில்லை. வடகிழக்கில் நிலைமை அதுவல்ல. அசாம், அருணாசலம், மிசோரம் மாநிலங்களின் தாழ்ந்த மழைக்காடுகளிலும் அவற்றை ஒட்டிய மூங்கில் காடுகளிலும் நீலப்பிடரி பிட்டா, முக்காட்டுப் பிட்டா போன்ற கர்னியின் சொந்தங்கள் தரையில் சருகு புரட்டிக்கொண்டிருக்கின்றன. நிக்கோபாரிலும் ஒரு பிட்டா உண்டு. இவற்றில் எதுவும் இன்று கர்னியின் நிலையில் இல்லை. 2008இல் கர்னிக்கும் அந்த நிலை இல்லையென்றுதான் நினைத்தோம்.

'காட்டை வெட்ட மாட்டோம், தரிசில்தான் நடுவோம்' என்பது திட்டக்காரர்களின் பதில். மிசோரத்தில் தரிசு என்று கணக்கெழுதப்படுவது பெரும்பாலும் ஜூம் நிலம்: ஓராண்டு திருத்திப் பயிரிட்டுவிட்டு, பல ஆண்டு மூங்கிலும் இளங்காடும் வளர விட்டுவைக்கும் மலைமக்களின் வேளாண்மை. தம்பா புலிகள் காப்பகத்தை ஒட்டி ஜயதேவ் மண்டலும் டி.ஆர். சங்கர் ராமனும் செய்த பறவைக் கணக்கெடுப்பு 2016இல் வெளியானது. மழைக்காட்டில் சுமார் 70 வகைக் காட்டுப்பறவைகள், ஜூம் நிலக் கலவையில் 50, தேக்குத் தோட்டத்தில் 38, எண்ணெய்ப்பனையில் 10. காட்டழிப்பு என்று வனத்துறை பல தலைமுறையாகத் திட்டிவந்த ஜூம், அரசே மானியம் கொடுத்து நடவைக்கும் தோட்டத்தைப்போல ஐந்து மடங்கு பறவை வகைகளைத் தாங்குகிறது.

ஜூம் நிலம் சில ஆண்டில் மறுபடி காடாகும். செம்பனை நட்டால் காய்க்க நான்கு ஆண்டு, பிறகு இருபத்தைந்து முப்பது ஆண்டு அந்த நிலம் வேறெதற்கும் இல்லை. பழம் வெட்டிய ஓரிரு நாளில் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். ஆகவே சாலையும் ஆலையும் கூடவே வரும், ஆலை ஓடுவதற்காக மேலும் தோட்டம் வரும். ஊர்ப்பொதுவாக இருந்த நிலம் இதற்குள் தனித்தனிப் பெயருக்கு மாறியிருக்கும். அந்தமானில் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். சிறிய அந்தமானில் 1970களில் மழைக்காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 2002இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் தீவுகளில் இப்படிப்பட்ட ஒற்றைப்பயிர்த் தோட்டங்கள் பெருகுவது நின்றது. சரியாக இருபது ஆண்டு முடிவதற்குள் தீவுகளின் பெயர் மறுபடி எண்ணெய்ப்பனைத் திட்டத்தில் ஏறியிருக்கிறது.

எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிறுவனம் 2020இல் செய்த மதிப்பீட்டின்படி நாட்டில் இந்த மரத்துக்கு ஏற்ற நிலம் சுமார் 28 லட்சம் ஹெக்டேர், அதில் வடகிழக்கில் மட்டும் சுமார் 9 லட்சம். இதுவும் ஒரு பெருக்கல் கணக்குதான். மண்ணையும் மழையையும் வெப்பத்தையும் வைத்துப் போட்டது. அந்த 9 லட்சத்தில் எத்தனை ஹெக்டேர் மூங்கில் காடு, எத்தனை ஜூம், எது எந்த ஊராருடையது, கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள் எஞ்சியிருக்கும் மழைக்காடு எது என்று கிராமம் கிராமமாகப் பிரித்து, நாற்று இறங்குவதற்கு முன்னால் வெளியிட வேண்டியது மாநில அரசுகளின் வேலை. தனிந்தாரியில் அந்தக் கணக்கை எடுத்தார்கள், காடு போன பிறகு.